எக்ஸ்பிரஸ் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை

குடிவந்த நான்காம் நாள் காலையில் டிரைவர் தும்ம ஆரம்பித்தார். முதல் ஐந்தாறு தும்மலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது வீடு, பழைய தூசி. பதினேழாவது தும்மலில்தான் கண்டக்டரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். கணவருடைய இரண்டு கண்களும் வீங்கி, முகம் வேறு யாருடையதோ மாதிரி ஆகியிருந்தது.

"குதிரைகிட்ட போனீங்களா?"

"கழுத்தத் தடவிக் குடுத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆசை தீர."

டவுனில் இருந்த டாக்டர், டிரைவரின் முன்கையில் வரிசையாக முப்பது புள்ளி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மருந்து விட்டுக் குத்தினார். இருபத்தெட்டுப் புள்ளிகள் சும்மா இருந்தன. இரண்டு மட்டும் பட்டாணி அளவுக்கு எழும்பி நின்றன. ஒன்று குதிரை முடி. இன்னொன்று காய்ந்த புல். டாக்டர் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"குதிரை வளக்கறேன்."

"எத்தன வருஷமா?"

"இன்னையோட நாலு நாள்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்னு அதுங்க போகணும். இல்ல, நீங்க போகணும்" என்றார்.

டிரைவர் என்பது அவருடைய பெயர் இல்லை. கண்டக்டரம்மா என்பதும் அப்படியே. முப்பத்தோரு வருடம் அவர் பஸ் ஓட்டினார். இருபத்தெட்டு வருடம் அந்தம்மா டிக்கெட் கிழித்தார். அதில் ஆறு வருடம் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. வண்டி ஓடும்போது டிரைவர் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆகவே முதல் ஒரு வருடம் விசில் சத்தத்தை வைத்துத்தான் அவருக்குத் தன் கண்டக்டரைத் தெரியும். இன்றைக்குக் கோபமா, தலைவலியா, சில்லறை இல்லையா என்று விசிலைக் கேட்டே சொல்லிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகும் டூட்டியில் "நீங்க", வீட்டில் "நீ" என்று ஒழுங்காக மாற்றி மாற்றிப் பேசினார். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இரண்டு பேருக்கும் வரவே இல்லை.

டிரைவருக்கு ஒரு கனவு இருந்தது. ஹாரன் சத்தம் கேட்காத ஓர் இடம், அதில் குதிரை. குதிரையைப் பற்றி ஒன்பது புத்தகம் வாங்கிப் படித்திருந்தார். குதிரையை மட்டும் தொட்டுப் பார்த்தது இல்லை. கண்டக்டரம்மாவுக்குக் கனவு என்று ஒன்று இருந்தது என்றால், அது உட்காருவது. இருபத்தெட்டு வருடம் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் வேறு என்ன கேட்பார்? ஓய்வு பெற்றதும் டிரைவர் இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். மூன்று ஏக்கர் புல், மரவேலி, தகரக் கூரை போட்ட லாயம், நாலு அறை வீடு. மகளோடு போய் இருக்கக் கிளம்பிய ஒரு வயதான அம்மா, நிலத்தோடு சேர்த்து இரண்டு குதிரைகளையும் ஒரு கழுதையையும் விட்டுவிட்டுப் போனார். போகும்போது, "பெருசுக்கு வயசாயிடுச்சு. அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். டிரைவர் தலையை ஆட்டினார். அப்போது அவருக்கு மூக்கு நன்றாக இருந்தது.

டாக்டர் சொன்ன இரண்டு வழியையும் டிரைவர் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். வெளிவேலையைக் கண்டக்டரம்மா பார்த்துக்கொள்வார்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை.

விலங்குகளுக்கு முந்தைய அம்மா வைத்திருந்த பெயர்கள் நாக்கில் நிற்காத அளவுக்கு நீளமாக இருந்தன. கண்டக்டரம்மா ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினார். பழுப்புக் குதிரை பத்தடிக்கு ஒரு தரம் நின்று புல்லை மோந்து பார்க்கும். அது டவுன் பஸ். வெள்ளையும் சாம்பலுமாக இருந்த இருபத்தாறு வயதுக் கிழட்டுப் பெண்குதிரை, யார் கையைக் காட்டினாலும் நிற்காமல் தாண்டிப் போகும். அது எக்ஸ்பிரஸ். கழுதை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்து, பையில் மூக்கை விட்டுச் சோதனை போடும். அதற்குச் செக்கிங் என்று பெயர்.

குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் அந்தம்மா லாயத்துக்குள் நுழைந்தார். தெரிந்தது கூட்டத்தைச் சமாளிப்பது ஒன்றுதான். தீவனத் தொட்டியைப் பார்த்ததும் மூன்றும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கண்டக்டரம்மா வாசலில் கையைக் குறுக்கே நீட்டி, "ஒவ்வொருத்தரா வாங்க! வழில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். மூன்றும் அசந்துபோய் நின்றன. பிறகு வரிசையாக உள்ளே போயின. இதைப் பற்றி ஒன்பது புத்தகத்திலும் ஒரு வரி இல்லை என்று டிரைவர் பின்னால் சொன்னார்.

காலை ஐந்தரைக்கு வேலை ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பது, தவிடு நனைப்பது, லாயத்தில் ஈரமான வைக்கோலை வாரி வெளியே தள்ளுவது, லத்தியைத் தள்ளுவண்டியில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுவது. பிறகு குளம்பு. ஒவ்வொரு காலையும் தூக்கி மடியில் வைத்து, இரும்புக் கொக்கியால் சேற்றையும் கல்லையும் நோண்டி எடுக்க வேண்டும். மூன்று விலங்குக்குப் பன்னிரண்டு கால். இதெல்லாம் நடக்கும்போது சட்டைப்பையில் போன் அடிக்கும். நாற்பதடி தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டிரைவர் பேசுவார். குதிரை விஷயம் டூட்டி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதனால் "நீங்க".

"கண்டக்டர், நீங்க தப்பான பக்கம் நிக்கறீங்க. குதிரைக்கு இடப்பக்கம் நிக்கணும்."

"நான் இடப்பக்கம்தான் நிக்கறேன். நீங்கதான் எதிர்ல உக்காந்திருக்கீங்க."

"சரி, ரைட்" என்று போன் வைக்கப்படும்.

முதல் மாதம் டவுன் பஸ் அந்தம்மாவின் கால் மேல் ஏறி நின்று, நிதானமாக நாலா பக்கமும் வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கியது. பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. மூன்றாம் மாதம் செக்கிங் தாழ்ப்பாளைப் பல்லால் திறக்கக் கற்றுக்கொண்டு, மற்ற இரண்டையும் அழைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனது. பக்கத்துப் பால்பண்ணைக்காரர் வந்து, "உங்க ஆளுங்க மூணு பேரும் பஸ் ஸ்டாப்புல நிக்கறாங்க" என்றார். பொய் இல்லை, அங்கேதான் நின்றன.

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடக்காரர் வருவார். குதிரையோடு பேசுவார், மனிதர்களைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் எக்ஸ்பிரஸின் பின்காலைக் கீழே விட்டுவிட்டு, "குளம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தப்பாகப் பேசிவிட்டவர் மாதிரி அவசரமாக வண்டி ஏறிப் போனார். கண்டக்டரம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் கொக்கியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினார்.

இரண்டாவது மழைக்காலம்தான் அவரை உடைத்தது. இருபத்து மூன்று நாள் விடாமல் பெய்தது. வேலி ஓரம் முழங்கால் சேறு. டவுன் பஸ்ஸுக்குக் குளம்பில் புண், செக்கிங்குக்கு இருமல், கண்டக்டரம்மாவுக்கு இடுப்பு. பூட்ஸைக் கழற்றக் குனிய முடியாமல் ஒரு நாள் வாசற்படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பூட்ஸ் முழுக்கக் குதிரை முடி. அவரால் கழற்றிவிட முடியாது. இரண்டு பேரும் அதை ஒரே நேரத்தில் யோசித்தார்கள்.

"வித்துடலாம்" என்றார் கண்டக்டரம்மா.

டிரைவர் மறுக்கவில்லை.

விஷயம் டிரைவரின் தங்கை காதுக்குப் போனது. இந்தக் குதிரை யோசனை முதல் நாளிலிருந்தே நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. நாலே நாளில் ஆள் பிடித்துவிட்டார். ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறவர், குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடக் குதிரை தேடுகிறாராம்.

"பழுப்புக் குதிரையும் கழுதையும் வேணுமாம் அண்ணி. கிழட்டுக் குதிரை வேண்டாமாம்."

"அத என்ன பண்றது?"

"அதுக்கு அவரே ஒரு ஏற்பாடு பண்றேன்னு சொன்னாரு."

என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் எழுந்து போய் ஏற்கனவே சாத்தியிருந்த ஜன்னலை இன்னொரு தடவை சாத்தினார்.

"சரி, வரச் சொல்லு" என்றார் கண்டக்டரம்மா. திங்கட்கிழமை வருவதாக முடிவானது.

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், விலங்குகளைக் குளிப்பாட்டிச் சீவிவிட ஒத்தாசை செய்கிறேன் என்று நாத்தனார் வந்து இறங்கினார். காலில் புத்தம் புது வெள்ளை ஷூ. கண்டக்டரம்மா அதைப் பார்த்தார்.

அன்றைக்கு எக்ஸ்பிரஸ் தீவனத்துக்கு வரவில்லை. லாயத்து மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. முன்காலால் தரையைக் கீறியது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. கழுத்தில் கை வைத்தால் வேர்வை. போன் அடித்தது.

"கண்டக்டர், அது வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு மேல அது லத்தியே போடல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். புத்தகத்துல பக்கம் நூத்திப் பதினாலு."

"பக்கத்த விடுங்க. என்னன்னு சொல்லுங்க."

"வயித்து வலி. குடல் அடைச்சிருக்கு. குதிரைக்கு வாந்தி வராது. டாக்டரக் கூப்பிட்டுட்டேன், இருங்க, லைன்ல சேக்கறேன்."

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். அப்போது இருபது மைல் தள்ளி, ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பசுவின் குரலும் கேட்டது.

"நடக்க வைங்க, மெதுவா. படுத்து உருளப் பாக்கும், உருண்டா குடல் முறுக்கிக்கும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல. எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

மூன்று மணி நேரம் ஆனது.

முதல் ஒன்றேகால் மணி நேரம் கண்டக்டரம்மா கயிற்றைப் பிடித்து நடந்தார். லாயத்திலிருந்து கேட், கேட்டிலிருந்து லாயம். எக்ஸ்பிரஸ் இத்தனை வருடம் யார் பேச்சுக்கும் நிற்காத குதிரை. இன்றைக்கு ஐந்தடிக்கு ஒரு தரம் நின்று, முன்முட்டியை மடக்கியது. ஒவ்வொரு தடவையும் பழைய டூட்டி விசிலை ஊதி, கயிற்றை இழுத்து, "இறங்கக்கூடாது, இன்னும் ஸ்டாப் வரல" என்று கெஞ்சி நகர்த்த வேண்டியிருந்தது. அந்தம்மாவின் இடுப்பு விட்டுப்போனது. நாத்தனார் தன் ஷூவைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

நாத்தனாருக்குக் குதிரையோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆகவே தன் மருமகளைப் பற்றிப் பேசினார். ஆரம்பத்தில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். போகப் போக, மருமகள் கதவை எப்படிச் சாத்துகிறாள், போனில் எப்படிச் சிரிக்கிறாள், பேத்திக்கு எப்படித் தலை சீவி விடுகிறாள் என்று முக்கால் மணி நேரத்துக்கு அடைமழை. எக்ஸ்பிரஸ் ஒரு காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு கூடவே நடந்தது. இவ்வளவு பொறுமையாகத் தன் பேச்சை யாரும் கேட்டதில்லை என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறார்.

பதினொன்றரை மணிக்கு வலி அதிகமானது. குதிரையின் வயிறு உப்பி, மூக்குத் துவாரம் விரிந்து, கால்கள் நடுங்கின. இரண்டு பெண்கள் சேர்ந்து இழுத்தும் அசைந்து கொடுக்கவில்லை. முன்கால் இரண்டும் மடிந்துவிட்டன. அந்த நேரத்தில் வீட்டுக் கதவு திறந்தது.

டிரைவர் ரெயின்கோட் போட்டிருந்தார். கையில் ரப்பர் கையுறை, காலில் பூட்ஸ், தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள் ஈரத் துண்டு. குழந்தைகள் பார்த்தால் பயந்திருக்கும். நல்லவேளை, பயப்பட இருந்தது நாத்தனார் மட்டும். அவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"உள்ள போங்க" என்றார் கண்டக்டரம்மா.

"முடியாது."

"மூச்சு நின்னுடும்."

"நிக்கும்போது போறேன்" என்று கயிற்றைப் பிடித்தார். பிடித்த ஐந்தாவது நொடியில் தும்மினார்.

ஹெல்மெட்டுக்குள் தும்மினால் எப்படிக் கேட்கும் என்று அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. எக்ஸ்பிரஸுக்கும் தெரியாது. மடிந்த கால்கள் இரண்டும் படக்கென்று நிமிர்ந்தன. நாலடி நடந்து மறுபடி முட்டி மடிந்தது. டிரைவர் மறுபடி தும்மினார். குதிரை மறுபடி எழுந்தது. முக்கால் மணி நேரம் இப்படியே ஓடியது. கேட்டுக்கும் லாயத்துக்கும் நடுவில் தும்மலும் நடையுமாகப் போய் வந்தார்கள். டவுன் பஸ்ஸும் செக்கிங்கும் வேலி மேல் தலையை வைத்து இமை கொட்டாமல் பார்த்தன. டிரைவர் தும்மாத நேரத்தில் குதிரையிடம் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று துண்டு வழியாகக் கேட்கவில்லை. "நீ" என்றுதான் சொன்னார், அது மட்டும் கண்டக்டரம்மாவின் காதில் விழுந்தது.

டாக்டர் வந்து இறங்கியதும் முதலில் டிரைவரைத்தான் பார்த்தார். கண் இரண்டும் கோடாகிவிட்டன, உதடு தடித்துவிட்டது.

"சார், நான் மிருக டாக்டர். உங்களுக்கு ஊசி போட எனக்கு அனுமதி இல்ல. தயவுசெஞ்சு உள்ள போய் மாத்திரை போடுங்க."

டிரைவர் போனார். டாக்டர் குதிரையின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். ஒரு பக்கம் சத்தமே இல்லை என்றார். வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளமான ரப்பர் குழாயை விட்டு, ஒரு வாளி எண்ணெய்க் கரைசலை உள்ளே இறக்கினார். அது முடிகிற வரைக்கும் கண்டக்டரம்மா எக்ஸ்பிரஸின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். குதிரைத் தலை எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனிமே நம்ம கையில இல்ல" என்றார் டாக்டர், கையைக் கழுவியபடி.

"யாரு கையில?"

"அதோட குடல் கையில. லத்தி போட்டுதுன்னா பொழைச்சுதுன்னு அர்த்தம்."

மூன்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். டிரைவர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாலு பேரும் ஒரு குதிரையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றார். நாத்தனார் இரண்டு தடவை, "இப்போ வால ஆட்டிச்சு" என்றார். ஈ ஓட்டியது.

நாலு இருபதுக்கு எக்ஸ்பிரஸ் வாலைத் தூக்கியது.

மூன்று உருண்டை விழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஓர் உருண்டையை எடுத்துப் பிட்டுப் பார்த்து, "அருமை" என்றார். நாத்தனார் கையைத் தட்டினார், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சமையலறையிலிருந்து ஒரு நீளமான தும்மல் கேட்டது.

கண்டக்டரம்மா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து, வழக்கம்போல் தள்ளுவண்டியையும் மண்வெட்டியையும் எடுத்து வந்தார். வந்தவர் அள்ளாமல் நின்றுவிட்டார். ஐந்து உருண்டையையும் அப்படியே விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அதை அள்ள அவருக்கு மனசு வரவில்லை.

உள்ளே வந்து கை கழுவும்போது நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணி, நாளைக்கு அந்த விடுதிக்காரரு..."

"நம்பரப் போட்டுக் குடு."

போன் போனது. கண்டக்டரம்மா, "வண்டி ஃபுல்லுங்க. இடம் இல்ல. அடுத்த வண்டி பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனை நாத்தனாரிடமே கொடுத்தார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. நாத்தனார் வாசலுக்குப் போய்ப் பத்து நிமிடம் விளக்க வேண்டியிருந்தது. விடுதிக்காரரைத் திட்டியும் முடித்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

எக்ஸ்பிரஸ் அதற்குப் பிறகு ஒரு வருடமும் நாலு மாதமும் இருந்தது. ஒரு நாள் உச்சிவெயிலில் புல்லில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை எழுப்ப வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். டிரைவர் ஹெல்மெட் இல்லாமல் வந்து, அதன் கழுத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்டக்டரம்மா அவரை உள்ளே போகச் சொல்லவில்லை. டிரைவர் அதற்கு நாலு நாள் படுக்கையில் கிடந்து ஈடுகட்டினார். பால்பண்ணைக்காரர் டிராக்டர் கொண்டுவந்து குழி தோண்டினார். டவுன் பஸ் இரண்டு நாள் வேலி ஓரமாகக் கனைத்துக்கொண்டு திரிந்தது, மூன்றாம் நாள் சாப்பிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை கால்நடை டாக்டர் வாயிலிருந்து ஊர் பூராவும் பரவியிருந்தது. தான் தூரத்தில் மாட்டிக்கொண்ட நாட்களில், "நான் வர வரைக்கும் கண்டக்டரம்மாவக் கூப்பிட்டுக்கோங்க" என்று டாக்டரே நம்பர் கொடுக்க ஆரம்பித்தார். முதலில் மாதத்துக்கு ஒரு போன் வந்தது. இப்போது வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது.

போன வியாழக்கிழமை ஒருவர் கூப்பிட்டார். அவர் குதிரை காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம், படுத்துப் படுத்து எழுந்திருக்கிறதாம். கண்டக்டரம்மா நின்றுகொண்டே கேட்டார்: கடைசியா எப்போ லத்தி போட்டுது? வேர்க்குதா? என்ன தின்னுச்சு? மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "படுக்க விடாதீங்க. வந்துட்டிருக்கேன்" என்று பூட்ஸை மாட்டினார்.

டிரைவர் காரை எடுத்தார். போய்ச் சேர்ந்ததும் கண்ணாடியை நாலு பக்கமும் ஏற்றிவிட்டு, புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். அந்த வீட்டுக்காரர் மரியாதைக்காக வந்து கண்ணாடியைத் தட்டி, "நீங்களும் வாங்க சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

டிரைவர் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினார்.

"நான் வந்தா குதிரை எழுந்து ஓடும். இப்போதைக்கு வேணாம். தேவைப்பட்டா அவங்களே கூப்பிடுவாங்க" என்றார்.